மூன்று இலை விசிறி

நாகலிங்கத்திடம் போய், உங்கள் மனைவி எப்படிச் செத்தாள் என்று கேட்டால், வெள்ளத்தில் என்று சொல்லமாட்டார். "நான் தப்பான விசிறியத் தெரிஞ்செடுத்தேங்க" என்பார். கேட்டவர்கள், பாவம் மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவருக்கு ஒன்றும் கலங்கவில்லை. நன்றாகத் தெளிந்துதான் சொல்கிறார். அந்தத் தெளிவுதான் அவரை இத்தனை வருடமாக அரித்துத் தின்கிறது.

இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்து கிடக்கிற ஒரு தோட்டத்தில் அவர் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர். தொண்ணூற்றிரண்டில் தோட்டம் அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பனிக்குப் போனபோது பழைய பிட்டர் வேலையை விட்டுப் போய்விட, அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாகலிங்கத்திடம் சாவிக்கட்டு வந்து சேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஆளுயர விசிறி ஒன்று உண்டு. அந்த விசிறிகளை நாகலிங்கம் காதால்தான் பார்ப்பார். கீழே நின்றுகொண்டே, "மூணாவது தொட்டியில ஒரு எல தளர்ந்துருச்சு" என்பார். ஏறிப் பார்த்தால் ஆணி கழன்றிருக்கும். இதைத் தவிர அவரிடம் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. கடைக்குப் போனால் வாங்க வேண்டியதில் பாதியை மறந்துவிட்டு வருவார். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டார்.

அவருக்கும் சேர்த்து மருதாயி பேசினாள். கொழுந்து மலையில் அவள் நிற்கிற நிரையில் சிரிப்புச் சத்தம் ஓயாது. கங்காணியைக் கேலி பண்ணுவாள், கணக்கப்பிள்ளையைக் கேலி பண்ணுவாள், வீட்டுக்கு வந்து கட்டின புருசனைக் கேலி பண்ணுவாள். "ஏங்க, அந்த விசிறி பேசுறதெல்லாம் ஒங்களுக்கு வெளங்குது, நான் உப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொன்னது மட்டும் வெளங்கலியா?" என்று அவள் கேட்கிறபோது, நாகலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் கடைக்கு நடப்பார். அந்த நடையில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது. ஒரே மகள் கோகிலா, படிப்பை முடித்துவிட்டுக் கொழும்பில் தையல் பக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டில், ஒற்றைக் காம்பராவில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

அந்த லயத்துக்குப் பணிய லயம், அதாவது கீழ் லயம், என்று பெயர். தோட்டத்தின் அடிவாரத்தில், ஆற்றுக்கும் பழைய வாய்க்காலுக்கும் நடுவே, ரப்பர் மரங்களை ஒட்டிக் கட்டியது. வெள்ளைக்காரன் காலத்தில் யார் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தானோ தெரியாது. அவன் நிச்சயமாக அங்கே குடியிருக்கவில்லை. பங்களா மலையுச்சியில் இருந்தது.

அப்போது தோட்டத்து மேனேஜராக இருந்த பெரிய துரை சிங்களவர், நல்ல மனுசன். இதைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கதையில் ஒரு கெட்டவனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கெட்டவன் யாரும் இல்லை. துரையின் மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவில் தனியாக உட்கார்ந்து அலுத்துப்போனவர், தொண்ணூற்றெட்டில் ஒரு சின்னப் பாய்ப்படகை வாங்கிக்கொண்டு வந்தார். ஊருக்குத் திரும்பிப்போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. எம்பிலிப்பிட்டியப் பக்கத்து வாவி ஒன்றில் அதை விட்டுப் பார்க்க வேண்டும் என்று துரைக்கு ஆசை. மற்ற நாட்களில் படகு, சக்கரம் வைத்த சட்டத்தில் ஏறி, ஸ்டோருக்குப் பக்கத்து டிராக்டர் கொட்டிலில் கிடக்கும். போட்டு என்றுதான் தோட்டத்தில் அதைச் சொன்னார்கள். மலைமேல் போட்டு நிற்பதைப் பார்க்க மற்றத் தோட்டங்களிலிருந்தும் ஆள் வந்தது.

படகில் சின்ன மோட்டார் ஒன்று இருந்தது. காற்று விழுந்துபோனால் கரைக்கு வர அது வேண்டும். வழக்கமாக இந்த மோட்டாரைப் படகின் பின்பலகையில் மாட்டுவார்கள், வேண்டாதபோது தூக்கி நிமிர்த்தி வைக்கலாம். இந்தப் படகில் அப்படியில்லை. அடித்தட்டில் பொந்து ஒன்று வெட்டி மோட்டாரை அதற்குள் இறக்கியிருந்தார்கள். பாய் விரித்துப் போகும்போதும் அதன் விசிறி தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். புரப்பெல்லர் என்று துரை சொன்னார். நாகலிங்கத்துக்கு அது விசிறிதான். படகோடு வந்த பெட்டியில் இரண்டு விசிறிகள் இருந்தன. ஒன்று பித்தளையில் செய்த மூன்று இலை, அகலமானது, கனமானது. மற்றது ஒடுங்கிய இரண்டு இலை.

"நாகலிங்கம், நீ ஃபேன் தெரிஞ்ச மனுசன்" என்றார் துரை, தன்னுடைய தமிழில். "நீ சொல்லு, எது போடுறது? நான் கேக்குறேன்."

துரை தன்னிடம் கேட்டதில் நாகலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வீட்டுக்கு வந்து மருதாயியிடம் நாலு தடவை சொன்னார். "அவரு கேட்டாரு, நீங்க என்னா சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள். "போட்டுப் பாக்கணும்னு சொன்னேன்" என்றார்.

போட்டுப் பார்க்கப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, வழியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். சண்டை நடக்கிற காலம். ஜீப்புக்குப் பின்னால் படகு, முன் சீட்டில் மடியில் பித்தளை விசிறியோடு ஒரு தமிழன். "மேக மொகக்த?" என்று, இது என்ன என்று, ஒரு ஆமிப் பையன் துவக்கின் நுனியால் விசிறியைத் தட்டிக் கேட்டான். நாகலிங்கத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துரைதான் இறங்கிப் போய், "அபே மினிஹெக்" என்று, இவன் நம்ம ஆள் என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தார். ஜீப் புறப்பட்டு வெகுதூரம் போன பிறகும் நாகலிங்கம் விசிறியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். துரை இல்லாவிட்டால் தன் கதி என்ன என்கிற நினைப்பு அன்றைக்கு மனதில் உட்கார்ந்துவிட்டது.

அன்று மூன்று இலையை மாட்டினார்கள். மோட்டார் படகை இழுத்த இழுப்பு அபாரம். எதிர்க்காற்றில், அலையில், துரையும் அவரும் சாமானும் ஏறியிருக்க, முக்காமல் முனகாமல் அக்கரைக்குப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டுத் துரை பாயை விரித்தார். படகு நகர்ந்தது, ஆனால் மனமில்லாமல் நகர்ந்தது. நாகலிங்கம் பின்னால் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தார். மூன்று அகல இலைகளும் தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றன. துரையின் முகம் வாடிப்போனது.

"போட்டு ஓடுறது இல்ல நாகலிங்கம். நடக்குறது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இலை. நாகலிங்கம் யோசித்து ஒரு வேலை செய்தார். மோட்டாரை நிறுத்தியதும் கியரில் போட்டு, மேலே உள்ள சக்கரத்தைக் கையால் திருப்பி, இரண்டு இலைகளும் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்தார். அப்படி நின்றால் மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் காலுக்குப் பின்னால் அவை ஒளிந்துகொள்ளும், தண்ணீருக்குத் தடை இருக்காது. ஒவ்வொரு தடவையும் தடவிக்கொண்டிருக்க வேண்டாமென்று சக்கரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். துரை பாயை விரித்தார். படகு சாய்ந்துகொண்டு சீறியது. ஐம்பது வயது மனுசன் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். நாகலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வேகத்தைச் சத்தமில்லாமல் கண்டதில்லை.

திரும்பும்போது காற்று எதிராகிவிட்டது. மோட்டாரைப் போட்டார்கள். ஒடுங்கிய இரண்டு இலையும் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கின. மோட்டார் கத்தியது, படகு நகர்ந்து நகர்ந்து வந்தது. நாகலிங்கத்தின் காதுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. சொல்ல வாயெடுத்தார்.

"அது பரவாயில்ல" என்றார் துரை. "நான் ஒரு ஆள்தானே. மெள்ள வாறது. இப்ப சொல்லு, எது சரி?"

நாகலிங்கம் துரையின் முகத்தைப் பார்த்தார். அதில் இன்னும் அந்தச் சந்தோசம் இருந்தது.

"ரெண்டு எலதாங்க தொர சரி" என்றார்.

சரிதான். அந்த மனுசனுக்கு, அந்த வாவியில், அந்த விளையாட்டுக்கு அதுதான் சரி. படகு தெரிந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தோட்டத்தில் நாங்கள் எதைத் தெரிந்தெடுத்தாலும் ஒரே ஆளை மனதில் வைத்துத்தான் தெரிந்தெடுக்கிறோம். ரோட்டு எங்கே போவது, தண்ணீர்க் குழாய் எங்கே வருவது, எல்லாவற்றுக்கும் தொரைக்குச் சரியா என்பதுதான் கேள்வி. வேறு யாரும் ஏறுவார்களா என்று யாரும் கேட்பதில்லை. நாகலிங்கமும் கேட்கவில்லை.

கேட்டது மருதாயிதான். பித்தளை விசிறியைத் துரை நாகலிங்கத்திடமே கொடுத்துவிட்டார். "எனக்கு வேணாம், நீ வச்சிக்கோ." வீட்டுக்குக் கொண்டு வந்ததும் மருதாயி அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். நாகலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக வாயோயாமல் பேசினார். மூணு எல மாட்டினால் சத்தம் தடிப்பாக, நிதானமாக இருக்கும் என்றார். ரெண்டு எலயின் சத்தம் கீச்சுக்குரல் என்றார். இரண்டையும் வாயால் செய்தும் காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது சரிங்க. அந்த ரெண்டு எல, நாலஞ்சு பேரு ஏறினா இழுக்குமா?"

"இழுக்காது. எதுக்கு இழுக்கணும்? இது தொர வெளையாடுற போட்டு. ஆள் ஏத்துற போட்டு இல்ல."

"அப்ப நாங்கள்லாம் எதுல ஏறுறது?"

"நீ எதுக்கு புள்ள போட்டுல ஏறப் போற?"

"ஏன், எனக்கு என்னா கொறச்சல்? நானும் சீமாட்டி மாதிரி குந்திக்கிட்டு வருவேன்ல" என்று அவள் விசிறியைத் தலையில் வைத்துக் கிரீடம் காட்டினாள். அந்த ராத்திரி நெடுநேரம் அவர்கள் காம்பராவில் சிரிப்புக் கேட்டது.

பிறகு அந்த விசிறி கூரைக்குப் போனது. லயத்துக் கூரை தகரம், காற்றில் கிளம்பும், எல்லோரும் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பார்கள். இவர்கள் கூரையில் கல்லோடு கல்லாகப் பித்தளை விசிறியும் ஏறியது. மருதாயியே ஏறிக் கம்பி போட்டுக் கட்டினாள். வெயில் நாளில் மேல்மலையிலிருந்து பார்த்தால் அது மினுங்கும். "அந்தா எங்க வீடு" என்று கொழுந்துக்காரிகளுக்குக் கைநீட்டிக் காட்டுவாள்.

இரண்டாயிரத்து மூன்று வைகாசியில், புத்தருடைய வெசாக் பண்டிகை முடிந்த கையோடு மழை பிடித்தது. இரத்தினபுரிப் பக்கம் எல்லோருக்கும் அந்த மழை ஞாபகம் இருக்கும். துரை வெசாக்குக்குக் கொழும்பு போனவர் திரும்பவில்லை. நாகலிங்கம் இராவேலைக்கு ஸ்டோரில் இருந்தார். விடிந்து கீழே பார்த்தால் ஆறு இல்லை, மண்நிறத்தில் ஒரு கடல் இருந்தது. பணிய லயத்து ஆட்கள் விடியற்காலையிலேயே பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மருதாயியை அவர் தேடினார். அவள் இல்லை.

"அவ திரும்பிப் போனா" என்றார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் அழகமுத்து, சீனி வியாதியில் ஒரு காலை எடுத்தவர், மனைவியோடு உள்ளேயே அகப்பட்டிருந்தார். அவரைக் கூரைக்கு ஏற்ற மருதாயியும், பக்கத்துக் காம்பராச் சுகந்தியும், சுகந்தியின் மகளும் போனார்கள். கைக்குழந்தையும் இன்னொரு பிள்ளையுமாக அதே லயத்துப் பிரேமலதாவும் வெளியே வர முடியாமல் நின்றாள். அதற்குள் வாய்க்கால் பாலம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. எல்லோரும் கூரைமேல் இருந்தார்கள்.

நாகலிங்கம் ஓடிவந்து டிராக்டர் கொட்டிலின் பூட்டை உடைத்தார். டிராக்டர்காரன் சாள்ஸ், "அண்ணே, தொர கேட்டா?" என்றான்.

"கேக்கட்டும்" என்றார். அந்தத் தோட்டத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

பாய்மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் படகை இழுத்துக்கொண்டு போய், மேட்டில் பியதாசவின் கடையடியில் தண்ணீரில் இறக்கினார்கள். கடைவாசலில் வெசாக் கூடுகள், காகித விளக்குகள், நனைந்து தொங்கின. "தனியம யன்ன எபா, நாகலிங்கம்" என்று, தனியாகப் போகாதே என்று பியதாச கத்தினார். கூட ஒரு ஆள் வந்தால் திரும்பும்போது அந்தப் பாரத்தை விசிறி தாங்காது என்று நாகலிங்கத்துக்குத் தெரியும். தனியாகவே போனார்.

வெறும் படகே நீரோட்டத்தில் திணறியது. மோட்டார் கீச்சுக்குரலில் கத்த, படகு பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி லயத்தை எட்டியது. மருதாயி கூரையில் நின்று, "வாங்க, வாங்க, சீமாட்டிமாரெல்லாம் ரெடி" என்றாள். அந்த நேரத்திலும் அவளால் அப்படிப் பேச முடிந்தது. பிரேமலதாவையும் பிள்ளைகளையும் முதலில் இறக்கிவிட்டாள். அவ்வளவு சின்னப் பாரத்துக்கே படகு இழுபட்டுப்போய், கடையடிக்குச் சேராமல் வெகுதூரம் கீழே ரப்பர் மரங்களுக்குள் ஒதுங்கியது. கரையில் நின்றவர்கள், தமிழரும் சிங்களவரும், கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு கட்டி அதை மறுபடி மேலே இழுத்துவந்தார்கள்.

இரண்டாவது தடவை போனபோது தண்ணீர் தகர விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அழகமுத்துவையும், அவரை விட்டு வரமாட்டேன் என்ற மனைவியையும் ஏற்றினார்கள். மீதி மூன்று பேர். நாகலிங்கம் மருதாயியைப் பார்த்தார். அடுத்த தடவை இரண்டு பேரைத்தான் ஏற்றலாம். அதில் அவள் இருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சுகந்தியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத் தன் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு வர அவராலும் முடியாது. பிறகு அந்த லயத்தில் எந்த முகத்தோடு குடியிருப்பது?

மருதாயி அதற்குள் குனிந்து கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பித்தளை விசிறியை இரண்டு கையாலும் தூக்கிப் படகுக்குள் நீட்டினாள்.

"இந்தாங்க. இத மாட்டிக்கிட்டு வாங்க. மூணு பேரும் ஒண்ணா வந்துருவோம்."

"புள்ள, நேரம் எடுக்கும்."

"எடுக்கட்டும். சுருக்கா மாட்டிட்டு வாங்க. நான் எங்கியும் போயிற மாட்டேன்."

அவர் வாங்கிக்கொண்டார்.

கரைக்கு வந்து, மோட்டாரைப் பொந்திலிருந்து மேலே தூக்கித்தான் விசிறியைக் கழற்ற வேண்டும். சாள்ஸும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிப் பிடித்தார்கள். நட்டைப் பூட்டியிருந்த சின்னக் கம்பி, பின் என்பார்கள், துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நாலைந்து வருடமாக யாரும் அதைத் தொடவில்லை, தொட வேண்டிய தேவை வரவில்லை. குறட்டால் இழுத்தார், வரவில்லை. பியதாச கொண்டுவந்த தேங்காயெண்ணெயை ஊற்றித் தட்டினார். குறடு நழுவி நழுவி விழுந்தது. ஸ்டோரில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. "அண்ணே, அப்படியே விட்டுட்டுப் போங்கண்ணே" என்று சாள்ஸ் சொன்னான். போயிருக்கலாம். அவர் போகவில்லை. கடைசியில் அந்தப் பின் உடைந்து வந்தது. பழைய விசிறியைப் பிடுங்கிக் கடைவாசலில் எறிந்தார், பித்தளையை ஏற்றினார், நட்டை முறுக்கினார்.

மூன்றாவது தடவை படகு கோடு கிழித்த மாதிரிப் போனது. நீரோட்டத்தை அது சட்டை செய்யவில்லை. தடித்த, நிதானமான சத்தம். அந்த வெள்ளத்துக்கு நடுவிலும் நாகலிங்கத்தின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது, இதுதான் சரி, இதுதான் சரி என்று. ரப்பர் மரங்களைத் தாண்டித் திரும்பினார்.

லயம் இல்லை. கடைசிச் சுவர் மட்டும் ஒரு முழம் தெரிந்தது. பக்கத்துப் பலாமரத்தின் கவட்டில் சுகந்தியும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஆட்டம் கண்டதும் மருதாயிதான் இரண்டு பேரையும் கிளைக்கு ஏற்றிவிட்டாள். அவள் ஏற வேண்டிய முறை வந்தபோது தகரம் காலடியிலிருந்து போய்விட்டது.

நாகலிங்கம் கத்திக் கத்தி அந்தத் தண்ணீர் முழுவதும் படகை ஓட்டினார். பிறகு அந்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். இரண்டே பேர். பழைய விசிறியே அவர்களை இழுத்து வந்திருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு, கீழ் ஊரில் ஒரு மூங்கில் பற்றைக்குள் மருதாயியைக் கண்டெடுத்தார்கள். கோகிலா கொழும்பிலிருந்து வந்து தகப்பனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றார். முதலில் சரியானதைப் போட்டிருந்தால் இரண்டே தடவையில் எல்லோரும் வந்திருப்பார்கள். கடைசியில் பிழையானதையே விட்டிருந்தாலும் அவளிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இரண்டு தடவை தெரிந்தெடுத்தார், இரண்டு தடவையும் தவறிவிட்டது. இதைத்தான் அவர் திரும்பத் திரும்ப மனதில் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

செத்த வீட்டுக்குத் துரை வந்தார். பூட்டை உடைத்தது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாகலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருதாயி நல்ல மனுசி" என்றார், கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. ஆனால் மனுசனுக்கு எல்லாம் மறந்துபோகிறது. அடுத்த வருசம் சித்திரைப் புதுவருசம் முடிந்த ஒரு நாள், ஸ்டோருக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, சொன்னார்.

"நாகலிங்கம், இந்த ஞாயிறு போட்டுக் கொண்டு போறேன். அந்த ரெண்டு எல திரும்பப் போடுறது முடியுமா? இதில பாய் ஓடுறது இல்ல, தெரியும்தானே."

பக்கத்தில் நின்ற சாள்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏதாவது சொல்லுங்கண்ணே என்று நாகலிங்கத்தின் முகத்தையே பார்த்தான்.

"சரிங்க தொர" என்றார் நாகலிங்கம்.

போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை குறடு நழுவவில்லை. பின் புதியது, சுளுவாக இறங்கியது. சக்கரத்தில் சிவப்புக் கோடு மங்கிப்போயிருந்ததைப் பார்த்து, அதன்மேல் புதிதாக ஒரு கோடும் இழுத்துவிட்டார். பித்தளை விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது, அது எதற்கு என்று துரை கேட்டார். "கூரைக்கு வேணுங்க" என்றார். அப்போது அவருக்குக் கூரை இல்லை. பணிய லயத்து ஆட்கள் எல்லோரும், வேலைநேரத்தில் குழந்தைகளை விடுகிற பழைய பிள்ளைக்காம்பராவில் படுதா கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஏதோ ஒரு நிறுவனம் மலைச்சரிவில் வீடுகள் கட்டிக் கொடுத்தது. அஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரை, ஆணி அறைந்து நன்றாக முறுக்கிய கூரை, எந்தக் காற்றுக்கும் அசையாது. நாகலிங்கம் ஏணி வைத்து ஏறி விசிறியை நடுக்கூரையில் வைத்துக் கம்பி போட்டுக் கட்டினார். கலியாணமாகிக் குழந்தையோடு வந்திருந்த கோகிலா, "அப்பா, அது எதுக்குங்கப்பா அங்க? புள்ள தலையில விழுந்துறப் போகுது" என்றாள். "அம்மா எறக்கித் தருவா" என்றார். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சண்டை முடிந்த வருசம், இரண்டாயிரத்து ஒன்பதில், சுகந்தி வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் மகளோடு யட்டியாந்தோட்டைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டவள். இத்தனை வருடமாக நாகலிங்கத்தின் முகத்தில் முழிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மகளுக்குக் கலியாணம், சொல்லாமல் இருக்க முடியாது என்று வந்திருந்தாள். வாசலுக்கு வந்தவள் கூரையைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு இம்புட்டு நாளும் சொல்லல."

நாகலிங்கம் அவளுக்கு எதிரே குந்தினார்.

"நீங்க கரையில நிக்கிறப்ப அக்கா ஒரு சொட்டு பயப்படல. எங்களத்தான் தைரியப்படுத்திக்கிட்டு இருந்தா. எங்களக் கெளையில ஏத்திப்புட்டு அவ காலத் தூக்குறா, அப்ப தூரத்துல ஒங்க மோட்டார் சத்தம் கேட்டுச்சு. அப்படியே நின்னுட்டா. 'கேளு சுகந்தி, கேளு, இது மூணு எல சத்தம், அவரு மாட்டிட்டாரு'ன்னா. சிரிச்சாண்ணே. சிரிச்சிக்கிட்டு நிக்கிறப்பதான் போனா."

நாகலிங்கம் கூரையில் இருந்த விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"சரியாத்தான் சொன்னாளா, மூணு எலன்னு?"

"சரியாத்தான் சொன்னா."

ஒரு காலைத் தூக்கிக் கிளையில் வைக்கிற நேரம். அந்த நேரத்தை அவள் தன் புருசனின் சத்தத்தைக் கேட்க நின்று செலவழித்துவிட்டாள். வாயால் செய்து காட்டி அந்தச் சத்தத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நாகலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆறு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி, வாய்விட்டு, ஓவென்று அழுதார். அன்று வீட்டுக்கு வந்திருந்த கோகிலா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார்.